சிவப்பு தெரியாத எல்வின் டேட்ரோ

எங்கள் ஹார்லோ ஊர்க் கணவாய்ச் சாலை எவ்வளவு வளைவு என்றால், மூன்றாவது திருப்பத்தில் எதிரே ஒரு சிவப்பு விளக்கு தெரியும். அது உங்கள் வண்டியின் பின்விளக்கு. அசலூர்க்காரர்கள் அதைப் பார்த்து மிரண்டு பிரேக் போடுவார்கள். எல்வின் டேட்ரோ மட்டும் நாற்பது வருஷம் அந்தச் சாலையில் ஊரின் சாலை மட்டப்படுத்தும் கிரேடர் வண்டியை ஓட்டியும் ஒரு தடவைகூட மிரண்டதில்லை. அதை நெஞ்சுரம் என்று நாங்கள் பேசிக்கொண்டோம். காரணம் வேறு என்பது போன அக்டோபரில்தான் தெரிந்தது.

எல்வின் என்னோடு ஒரே வகுப்பில் படித்தவன். எழுபத்தொரு வயது. பேச்சு குறைவு, தொப்பி பழசு. யாருடைய வண்டியாவது சேற்றில் புதைந்தால் கூப்பிடாமலே சங்கிலியோடு வந்து நிற்பான். எங்கள் வெர்மான்ட் மாநிலத்தில் கல்லை விட்டெறிந்தால் இப்படிப்பட்ட ஒருவன் மேல்தான் விழும். ஆனால் எல்வினுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. அவன்தான் இருபத்தாறு வருஷமாக எங்கள் ஊரின் இலை பார்ப்பவன்.

செப்டம்பர் பாதி கழிந்ததும், ஒவ்வொரு செவ்வாயும் கணவாய்ச் சாலையில் மேலே போய், அங்கிருந்து மொட்டைப் பாறை வரை நடந்து ஏறி, சுற்றிலும் உள்ள மலைகளில் இலைகள் உதிரும் முன் எத்தனை சதவீதம் பச்சையிலிருந்து சிவப்பாக நிறம் மாறியிருக்கிறது என்று எழுத வேண்டும். புதன் நண்பகலுக்குள் அந்தத் தாள் ஊர் அலுவலகத்தில் என் மேசைக்கு வரும். நான் மாநிலத் தலைநகருக்கு அனுப்புவேன், அங்கே அதை வெளியிடுவார்கள். அதைப் படித்துவிட்டு பாஸ்டனிலிருந்தும் நியூயார்க்கிலிருந்தும் அந்தச் சிவப்பைப் பார்க்கக் காரும் பஸ்ஸுமாகக் கிளம்புவார்கள். ஒரு வருஷம் வந்த நெரிசலில் மெரில் வீட்டுப் பசு ஒன்று தவறி டூரிஸ்ட் பஸ்ஸில் ஏறி கனெக்டிகட் வரை போய்வந்தது. ஜன்னலோர இருக்கை கிடைத்ததாம்.

இதெல்லாம் போக, சர்ச்சில் நடக்கும் கோழி பை விருந்தும், அதாவது கோழிக்கறியை மாவில் மூடிச் சுடும் பண்டத்தின் விருந்தும், எல்வின் வாக்கில்தான் தொங்கியது. அவன் ‘உச்சம்’ என்று எழுதும் வாரத்தின் சனிக்கிழமைதான் விருந்து. நானூறு பேருக்கு மாவு பிசைய வேண்டுமே!

அந்தப் பதவி அவனுக்கு எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். மார்ச் மாதம் முதல் செவ்வாய் ஊர்க்கூட்டம். வராதவன் தலையில் வேண்டாத பதவி ஏறும் என்பது எங்கள் எழுதாத சட்டம். ஜலதோஷத்தில் படுத்திருந்த ஒருவர் எழுந்து பார்த்தபோது வேலித் தகராறு தீர்ப்பவர், நாய் பிடிப்பவர், கல்லறைக் குழுத் தலைவர் என்று மூன்றுமாக ஆகியிருந்தார். எல்வின் அன்று வந்துதான் இருந்தான். பாதிரியாரின் கார் வாசலில் சேற்றில் புதைந்துவிட்டது. இழுத்துவிட வெளியே போனான். அந்தப் பத்து நிமிஷம் போதாதா? திரும்பி வந்தபோது கூடம் முழுக்கக் கைதட்டல்.

அந்தக் கூட்டத்தில் கைதட்டாத ஒரே ஆள் அவன் மனைவி ஹேசல். ஏனென்றால் அவளுக்கு மட்டும்தான் தெரியும்: எல்வின் கண்ணுக்குப் பிறவியிலேயே சிவப்பும் பச்சையும் ஒரே கலங்கல். பள்ளியில் கிரேயான் மேல் ஒட்டிய தாளில் நிறத்தின் பெயரைப் படித்துப் படித்துத் தப்பித்தவன். மஞ்சள் தெரியும், நீலம் தெரியும். மேப்பிள் மரம் தீப்பிடித்தாற்போல நிற்கும்போது அவனுக்கு அது ஈர வைக்கோல். கூடத்தில் அத்தனை பேர் முன்னால் அதைச் சொல்ல வாய் வரவில்லை.

அந்தச் செப்டம்பரிலிருந்து அவன் லாரியின் பக்கத்து இருக்கையில் கட்டம் போட்ட குஷனைப் போட்டு ஹேசல் உட்கார்ந்துகொண்டாள். அவள் சொல்வாள், அவன் எழுதுவான். நிறத்தின் பெயரைச் சொல்லிப் பயனில்லை என்பதால் அவள் தனியாக ஒரு அகராதி வைத்திருந்தாள். “அந்தச் சரிவு போஸ்ட் ஆபீஸ் செங்கல். இந்தப் பக்கம் பீட்ரூட் ஊறுகாய். உச்சியில பாதிரியார் மூக்கு, ஜனவரி மாசத்து மூக்கு.” பாறையில் உட்கார்ந்து சீஸ் வைத்த ஆப்பிள் பை தின்றுவிட்டு இறங்குவார்கள். வருஷத்துக்கு ஆறேழு செவ்வாய். அவர்களுக்கு வேறு சுற்றுலா கிடையாது.

போன பிப்ரவரியில் ஹேசல் போய்விட்டாள். எங்கள் ஊரில் பனிக்காலத்தில் இறந்தவர்கள் மண் இளகும்வரை காத்திருக்க வேண்டும். மே மாதம் புதைத்தோம். அதற்கு முந்தின நாள் எல்வின் கிரேடரைக் கடன் கேட்டு வாங்கி, கல்லறைக்குப் போகும் பாதையைத் தானே மூன்று முறை மட்டப்படுத்தினான். நாலாவது முறை போக இருந்தவனை நான்தான் நிறுத்தினேன்.

செப்டம்பர் வந்தது. ராஜினாமா செய்ய ஒரு வரி போதும். ஆனால் அந்தச் செவ்வாய்களை விட்டால் ஹேசலோடு போக அவனுக்கு வேறு இடம் இல்லை. தனியாகவே ஏறினான். முதல் வாரம் போன வருஷ நோட்டைப் பார்த்து ஐந்து சதவீதம் என்று எழுதினான். அடுத்த வாரம் பதினைந்து. மூன்றாவது வாரம் பழைய நோட்டுப்படி எண்பது. ஆனால் இந்த வருஷம் வெயில் போகவே மனமில்லாமல் நின்றது. மலை தவளை மாதிரிப் பச்சையாக இருந்தது. எண்பதைப் படித்தவர்கள் கிளம்பி வந்துவிட்டார்கள். நாலாவது செவ்வாய் எல்வின் மேலே போனபோது சாலையோரம் நாற்பத்திரண்டு வெளியூர்க் கார்கள். இத்தனை பேர் வண்டியை நிறுத்திவிட்டு நிற்கிறார்கள் என்றால் உச்சம்தான் என்று முடிவு கட்டினான். பாவம், அவர்கள் நின்றது வழி தவறிவிட்டோமோ என்று மேப்பைப் பிரித்துப் பார்க்க. ‘உச்சம்’ என்று எழுதி, வழியில் கேட்டவர்களிடமும் சொல்லிவிட்டு, மறுநாள் காலை என் மேசையில் வைத்தான்.

அவன் இன்னும் என் எதிர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை, கதவு படாரென்று திறந்தது. கோழி பை விருந்தின் தலைவி ஆர்ஃபா கிம்பால். கையில் மேப்பிள் இலை ஒன்று. அவளுக்கும் ஹேசலுக்கும் முப்பது வருஷப் பகை. யாருடைய பையின் மேலோடு நன்றாகப் பொரியும் என்பதில் ஆரம்பித்தது.

“உச்சமாமே? ஊரே சிரிக்குது! சனிக்கிழமைக்கு நானூறு பேருக்கு எதைக் காட்டுறது எல்வின், பாசியையா?”

“மரம் எனக்கு லெட்டர் போட்டுட்டா மாறுது, ஆர்ஃபா?”

“பேச்ச மாத்தாத. இந்தா, உன் வீட்டு மரத்துல பறிச்சது. இது என்ன நிறம்?”

எல்வின் இலையை வாங்கினான். திருப்பினான். ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தான். என்னைப் பார்த்தான். நான் பேனாவைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

“இலை நிறம்” என்றான்.

“அட, அத நான் சொல்லமாட்டேனா! என்ன நிறம்?”

“தெரியல.” தொப்பியைக் கழற்றி முழங்கால்மேல் வைத்தான். “எப்பவுமே தெரியாது. ஹேசல்தான் சொல்லுவா.”

ஆர்ஃபா மெல்ல உட்கார்ந்தாள்.

“அப்போ உங்க களஞ்சியக் கதவு? சிவப்புக் களஞ்சியத்துக்குப் பச்சைக் கதவு?”

“சிவப்புன்னு நெனச்சுத்தான் அடிச்சேன்.”

“அடிப்பாவி ஹேசல்! அது இத்தாலிக்காரங்க ஃபேஷன்னு என்கிட்ட சொன்னாளே! நான் வேற போயி என் கதவுக்கும் பச்சை அடிச்சேன்!”

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். எல்வினுக்கும் உதடு ஒரு பக்கம் துடித்தது. சிரிப்பா அழுகையா என்று அவனுக்கே தெரிந்திருக்காது.

“நண்பகலுக்கு இன்னும் இருபது நிமிஷம் இருக்கு” என்றேன். “திருத்தி எழுதணும்னா எழுது.”

அவன் வேறு தாள் வாங்கி, பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினான். நான் அப்படியே அனுப்பினேன்.

‘இந்த வாரம் வராதீர்கள். மலை பச்சையாக இருப்பதாக ஆர்ஃபா கிம்பால் சொல்கிறார். எனக்குச் சிவப்பு தெரியாது. இருபத்தாறு வருஷம் பார்த்தது என் மனைவி ஹேசல். அவள் இப்போது இல்லை. வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள். எல்வின் டேட்ரோ.’

விருந்து தள்ளிப் போனது. அன்றிலிருந்து தினமும் இரவில் உறைபனி விழுந்து, இலைகள் மடமடவென்று நிறம் மாறின. அடுத்த செவ்வாய் காலை எல்வின் எங்கேயும் போகிற எண்ணத்தில் இல்லை; விறகு அடுக்கிக்கொண்டிருந்தான். அதன்பிறகு நடந்ததை ஆர்ஃபாவே எனக்குச் சொன்னாள், சர்ச் சமையலறையில் நூற்றிருபது தட்டு கழுவி முடிக்கும்வரை. நான் எதையும் கூட்டிச் சொல்லவில்லை. கூட்டியிருந்தால் அதில் பசு வந்திருக்கும்.

ஆர்ஃபா காப்பி பிளாஸ்கோடு போய் லாரிக் கதவருகே நின்றாள்.

“கிளம்பு. மணி ஒன்பதாச்சு.”

“நான் விலகிட்டேன்.”

“ஊர்க்கூட்டம் மார்ச்ல. அதுவரைக்கும் நீதான். நீ விலகுறதா இருந்தா அன்னிக்கு வந்து விலகு, இல்ல வராம இருந்து இன்னும் ரெண்டு பதவி வாங்கிக்க.” கதவைத் திறந்தாள். உள்ளே கட்டம் போட்ட குஷன்.

“அது ஹேசல் இடம்” என்றான் எல்வின்.

“தெரியும். சர்ச்லயும் சரி, சந்தையிலயும் சரி, அவ எனக்கு இடம் விட்டதே இல்ல. அத எடுத்து நடுவுல வை. அவளும் வரட்டும்.”

எல்வின் கையிலிருந்த விறகைக் கீழே போட்டான். பிறகு குஷனை எடுத்து நடுவில் வைத்தான்.

அந்தச் சாலையில் மேலே போயே பழகாத ஆர்ஃபா மூன்றாவது திருப்பத்தில் வீறிட்டாள். “எதிர்ல வண்டி!”

“நம்ம பின்விளக்கு” என்றான். “ஹேசல் சொல்லியிருக்கா.”

மொட்டைப் பாறைக்கு ஏற ஒரு மணி நேரம். ஆர்ஃபா மூச்சு வாங்கியதில் வழியிலிருந்த மரங்களில் பாதி இலை உதிர்ந்துவிட்டது என்பது எல்வின் கணக்கு. மேலே போய் நின்றார்கள். எல்வின் நோட்டைத் திறந்தான்.

“சொல்லு.”

“அழகா இருக்கு.”

“அழகு நிறமில்ல, ஆர்ஃபா.”

“ரொம்ப அழகா இருக்கு.”

“ஹேசல் இதுக்குள்ள பாதி மலைய முடிச்சிருப்பா.”

ஆர்ஃபாவுக்குச் சுருக்கென்றது. இடுப்பில் கைவைத்து நன்றாகப் பார்த்தாள். “சரி, எழுது. கீழ்ச் சரிவு முழுக்க... அந்த வருஷ விருந்துல ஹேசல் என் புது வெள்ளை மேசைவிரிப்புல கிரான்பெர்ரி சாஸக் கவுத்தாளே, அது. அதுக்கு மேல, நான் அவளைத் திட்டினப்போ அவ காது இருந்த மாதிரி.”

எல்வின் எழுதுவதை நிறுத்திவிட்டு அந்தச் சரிவைப் பார்த்தான்.

“அவ்வளவு சிவப்பா?” என்றான்.

“அவ்வளவு.”

“எத்தனை சதவீதம்?”

“நூறு.”

“ஹேசல் நூறு போட்டதே இல்ல. தொண்ணூத்தஞ்சோட நிறுத்திடுவா.”

“ஏனாம்?”

“நாளைக்கும் வர்றதுக்கு ஒரு காரணம் வேணும்னு சொல்லுவா.”

புதன்கிழமை பதினொன்றரைக்குத் தாள் என் மேசைக்கு வந்தது. ‘95. மேசைவிரிப்பு, காது.’ ஒரு எழுத்தையும் மாற்றாமல் அனுப்பினேன். அந்தச் சனிக்கிழமை கோழி பை எழுநூறு பேருக்குப் போதவில்லை. நானும் அவித்த முட்டைதான் தின்றேன். மார்ச் ஊர்க்கூட்டத்துக்கு எல்வின் விலகல் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்திருந்தான். பாதிரியாரின் கார் மறுபடியும் சேற்றில் புதைந்திருப்பதாக ஆர்ஃபா வந்து சொன்னதும், சங்கிலியை எடுத்துக்கொண்டு ஓடினான். வெளியே கார் காய்ந்த தரையில் நின்றது. உள்ளே நாங்கள் கைதட்டிக்கொண்டிருந்தோம்.