யாரும் எடுக்காத பணம்

எல்லோரும் அவளை டார்ச் என்றுதான் கூப்பிட்டார்கள். மருந்து பாட்டில் செய்யும் தொழிற்சாலையில் அவளுக்குச் சோதனைப் பிரிவில் வேலை. பின்னால் வெள்ளை விளக்கு எரியும் திரையின் முன் உட்கார்ந்து, பெல்ட்டில் வரிசையாக வரும் பாட்டில்களில் குமிழி, கீறல், கோணல் கழுத்து என்று எது தென்பட்டாலும் எடுத்துத் தொட்டியில் போட வேண்டும். பெயர் அங்கே ஒட்டிக்கொண்டதுதான். ஆனால் வேலைக்குச் சேரும் முன்பே அவள் அப்படித்தான் என்பார் அவள் கணவர். அவர் பள்ளி வேன் ஓட்டுபவர்.

"மொதமொதல்ல பாத்த அன்னைக்கே, உள்ள போயி தண்ணி எடுத்துட்டு வாங்கன்னா. எனக்குக் கால் நொண்டுதான்னு பாத்திருக்கா. அது எனக்குப் புரியவே பத்து வருஷம் ஆச்சு."

டார்ச் இதை மறுத்ததில்லை. "பாத்ததுனாலதானே கட்டிக்கிட்டேன்" என்பாள்.

கீழ்வீட்டில் அவர்கள் குடும்பம். மாடியில் கணவரின் தங்கை, அவளுடைய நாத்தனார். கணவனை இழந்தவள், ஒரே மகன் வெளியூரில் ஒரு வங்கி மேலாளருக்குக் கார் ஓட்டினான். அண்ணியும் நாத்தனாரும் ஒரே நாளில் அந்தத் தொழிற்சாலையில் சேர்ந்தவர்கள். நாத்தனாருக்குப் பேக்கிங் பிரிவு. சம்பளம் இருவருக்கும் ஒன்றுதான், ஓய்வூதிய நிதிக்கு மாதாமாதம் பிடித்ததும் ஒன்றுதான். ஒருத்திக்கு ஊதிய உயர்வு வந்தால் மற்றவளுக்கும் வந்ததா என்று டார்ச் விசாரித்துவிட்டுத்தான் சந்தோஷப்படுவாள்.

வருஷத் தொடக்கத்தில் நாத்தனாருக்கு முட்டி வலி தாங்கவில்லை. நின்றுகொண்டே செய்யும் வேலை. வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு, நிதியில் இருந்ததை அப்போதே மாத ஓய்வூதியமாக மாற்றிக்கொண்டு வந்துவிட்டாள். வருஷக் கடைசிவரை இருந்தால் போனஸ் வருமே என்று டார்ச் மட்டும் தொடர்ந்து போனாள். இடையில் பங்குச்சந்தை விழுந்தது. தினமும் தொலைக்காட்சியில் சிவப்பு அம்பு கீழ்நோக்கிக் குத்திக்கொண்டிருந்தது. அது கோட்டு சூட்டு போட்டவர்களின் தலைவலி என்று நினைத்து அவள் வேறு சேனலுக்கு மாற்றிவிட்டாள்.

ஓய்வு பெற்ற வாரம் நிதி அலுவலகத்துக்குப் போனாள். கவுன்டரில் இருந்த அதிகாரி, தலையில் பாதி நரைத்தவர், கணினியைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"போன வருஷம் இருந்ததைவிட இப்ப கால்வாசி கம்மியா இருக்கும்மா."

"யார் எடுத்தாங்க?"

"யாரும் எடுக்கல. மார்க்கெட் விழுந்துடுச்சு. உங்க பணத்துல பெரும்பகுதி அதுலதான் இருந்துச்சு."

"யாரும் எடுக்கலைன்னா எங்க போச்சு?"

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எங்கேயும் போகல. மதிப்புதான் குறைஞ்சிருக்கு."

டார்ச் அவர் முகத்தையே பார்த்தாள். பணம் போகவில்லை, ஆனால் இல்லை. இப்படிப் பேசுகிற ஆளிடம் ஒரு கிலோ தக்காளிகூட வாங்க மாட்டாள் அவள்.

இரண்டு வழி இருப்பதாக அவர் விளக்கினார். இருக்கிற மொத்தத்தையும் இன்றைக்கே கொடுத்துவிட்டால் உயிர் உள்ளவரை மாதம் ஒரே தொகை வரும், ஏறாது, இறங்காது. அல்லது பணத்தை நிதியிலேயே விட்டுவைத்து, கைச்செலவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டு, சந்தை நிமிரும்வரை காத்திருக்கலாம்.

"என்னைக் கேட்டா கொஞ்ச நாள் பொறுங்கம்மா. ஏறலாம்."

"ஏறுமா?"

"ஏறலாம்."

"இறங்குமா?"

"அதுவும் நடக்கலாம்."

"அப்ப எதுக்குப் பொறுக்கச் சொல்றீங்க?"

பணம் அவர்களிடமே கிடந்தால் இந்த ஆளுக்கு என்ன லாபம் என்றுதான் அவள் மனம் ஓடியது. மேசைமேல் இருந்த புதுக் கைப்பேசி கண்ணில் பட்டது. அது போதுமாக இருந்தது. அன்றே மாதத் தொகைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தாள். விழுந்து கிடந்த விலையிலேயே எல்லாம் கைமாறிவிட்டது. படியிறங்கும்போது, ஒருத்தனிடமாவது ஏமாறாமல் தப்பித்தோம் என்று அவளுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

நிம்மதி முதல் மாதத் தொகை வரும்வரைதான். நாத்தனாருக்கு வருவதைவிட நாலில் ஒரு பங்கு குறைவு. ஒரே வேலைக்காலம், ஒரே சம்பளம், ஒரே பிடித்தம். சொல்லப்போனால் டார்ச் பத்து மாதம் கூடுதலாகவே உழைத்திருந்தாள்.

மாடிப்படியில் நாத்தனாரை மடக்கினாள்.

"உனக்கு யார் சொன்னா?"

"என்ன சொன்னா அண்ணி?"

"இப்பவே எழுதிக் குடுத்துட்டு வந்துடு, மார்க்கெட்டு விழப்போகுதுன்னு. உன் பையன் யாருக்குக் கார் ஓட்டுறான்? பேங்க் மேனேஜருக்குத்தானே? பின்சீட்டுல பேசுறது முன்சீட்டுல கேக்காதா?"

நாத்தனார் கைப்பிடியைப் பிடித்தபடி சிரித்தாள். சிரித்தது தப்பாகப் போய்விட்டது.

"சிரி. ஒரே வீட்ல இருந்துக்கிட்டு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணல பாரு."

"எனக்கு முட்டி வலிச்சுது அண்ணி. அவ்வளவுதான்."

"முட்டிக்கு மார்க்கெட்டு தெரியுமாக்கும்!"

அன்றோடு பேச்சு நின்றது. ஒரே வாசல், ஒரே தண்ணீர்த் தொட்டி, ஒரே துணிக்கொடி. ஆனால் ஒருத்தி இறங்கும் சத்தம் கேட்டால் மற்றவள் கதவைச் சாத்திக்கொண்டாள். நடுவில் மாட்டிக்கொண்ட கணவர் இரண்டு பக்கமும் தலையாட்டி, இரண்டு பக்கமும் திட்டு வாங்கினார்.

டார்ச் செலவைச் சுருக்கினாள். கட்ட வேண்டிய பல் செட்டைத் தள்ளிப்போட்டாள். அறையில் ஆள் இல்லாதபோது விளக்கு எரிந்தால் வீடு அதிரும். இந்தச் சமயத்தில்தான் ஒரு விஷயம் அவள் கண்ணில் உறுத்தியது. மின்கட்டணம் குறைந்திருந்தது. விளக்கை அணைத்ததால் குறையும் அளவு இல்லை, ஏறக்குறைய பாதி. வேறு யாராக இருந்தாலும் மகிழ்ந்திருப்பார்கள். அவள் மின்வாரிய அலுவலகத்துக்குப் போய் வரிசையில் நின்றாள்.

"பில்லு கம்மியா வருது."

அங்கிருந்த பெண் ஊழியர் நிமிர்ந்து பார்த்தார். "கம்மியா வருதுன்னு புகார் குடுக்க வந்த மொத ஆளு நீங்கதாம்மா."

"சும்மா கம்மியாகாது இல்ல? நாளைக்கு மீட்டர்ல கோளாறு, மொத்தமா கட்டுன்னு வந்து நின்னா?"

ஊழியர் இரண்டு மீட்டர்களின் கணக்கையும் எடுத்துப் பார்த்தார். "கோளாறு இல்ல. கீழ எவ்வளவு குறைஞ்சிருக்கோ மேல அவ்வளவு ஏறியிருக்கு. வீட்ல வயரிங் ஏதாவது மாத்துனீங்களா?"

டார்ச் பில்லை மடித்துக்கொண்டு கிளம்பினாள். வரும் வழியெல்லாம் யோசித்தாள். சில மாதம் முன்பு அவள் தன் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது எலக்ட்ரீஷியன் வந்துபோனதாகக் கணவர் சொன்னது நினைவுக்கு வந்தது. சுவிட்ச் ஒன்று தீய்ந்துவிட்டதாம்.

மறுநாள் நாத்தனார் மருத்துவமனைக்குக் கிளம்பிப் போகும்வரை காத்திருந்தாள். பிறகு மாடி மீட்டரின் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத் தன் சமையலறைக்கு வந்து நின்றாள். குளிர்பெட்டியின் உறுமல் நின்றிருந்தது. மோட்டார் பட்டனை அமுக்கினாள், அசையவில்லை. அவளுடைய குளிர்பெட்டியும் தண்ணீர் மோட்டாரும் மாடிக் கணக்கில் ஓடிக்கொண்டிருந்தன.

அண்ணனும் தங்கையும் சேர்ந்து செய்த வேலை என்பது தெரிந்துவிட்டது. ஏன் என்பதுதான் பாக்கி. அதற்கும் அவளுக்கு ஒரு பதில் கிடைத்தது: நாளைக்கு வீட்டைப் பங்கு போடும்போது, இத்தனை காலம் நான்தான் கரண்டு கட்டினேன் என்று நாத்தனார் கீழ்த்தளத்திலும் உரிமை கேட்கப் போகிறாள். கூடப்பிறந்த பாசத்தில் கணவரும் உடந்தை.

மாலை வேனை நிறுத்திவிட்டு உள்ளே வந்தவரை அவள் உட்காரவே விடவில்லை. "மேல வாங்க."

நாத்தனார் முட்டியில் துணி கட்டியபடி கட்டிலில் இருந்தாள். மாதக்கணக்கில் பேசாத அண்ணி வாசலில் வந்து நின்றதும் முகம் மலர்ந்தது. டார்ச் அதைப் பொருட்படுத்தவில்லை.

"எதுக்கு என் ஃப்ரிட்ஜு உன் மீட்டர்ல ஓடுது?"

அண்ணனும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அங்க என்ன பார்வை? இங்க சொல்லுங்க."

"நான்தான் அண்ணனைக் கேட்டேன்," என்றாள் நாத்தனார். "காசா குடுத்தா மூஞ்சில வீசுவீங்க. அதான் கரண்டுல குடுத்தேன்."

"எதுக்குக் குடுக்கணும்?"

"அண்ணி, நான் ஒண்ணும் கெட்டிக்காரத்தனம் பண்ணல. முட்டி மட்டும் நல்லா இருந்திருந்தா நானும் வருஷக் கடைசிலதான் உங்களோட வந்திருப்பேன். இதே கால்வாசி எனக்கும் போயிருக்கும். ஒவ்வொரு மாசமும் பணம் வர்றப்ப அதான் தோணுது. முட்டி வலிக்குக் கூலி வாங்குற மாதிரி இருக்கு."

டார்ச் அழுவாள் என்று கணவர் நினைத்தார். அவள் அழவில்லை.

"வீட்டுப் பங்குக்காக இல்லியே?"

"ஐயோ அண்ணி!"

"ஃப்ரிட்ஜை நாளைக்கே என் மீட்டருக்கு மாத்தணும். நான் தின்னுறதுக்கு நான் கட்டிக்கிறேன்." வாசல்வரை போய்த் திரும்பினாள். "மோட்டார் உன் மீட்டர்லயே இருக்கட்டும். தண்ணி நீதான் ஜாஸ்தி செலவு பண்ற."

அதுதான் சமாதானம். அந்த வீட்டில் அதற்கு மேல் யாரும் எதிர்பார்க்கவும் இல்லை.

அடுத்த வருஷம் சந்தை எழுந்தது. பொறுத்திருந்தால் நாத்தனாருக்குச் சமமாக வாங்கியிருக்கலாம் என்று தெரிந்ததும் டார்ச்சுக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. அவளோடு ஓய்வு பெற்ற ஃபிட்டர் ஒருவர் அதிகாரி பேச்சைக் கேட்டுப் பணத்தை விட்டுவைத்திருந்தார். நாலு பேரிடம் அதைச் சொல்லிப் பெருமைப்பட்டார். இன்னும் ஏறட்டும், இன்னும் ஏறட்டும் என்று உட்கார்ந்தார். அதற்கடுத்த வருஷம் மறுபடி சரிந்தது. அதற்குள் செலவுக்கு எடுத்ததும் சேர்ந்து, டார்ச்சைவிடக் குறைவான தொகையில்தான் அவர் வந்து நின்றார். தெருவில் பார்த்தால் வேறு பேச்சுக்குத் தாவிவிடுவார்.

அவருக்கு அப்படி ஆனதில் டார்ச்சுக்கு ஆறுதல் வரவில்லை, சந்தேகம்தான் கூடியது. ஏறினாலும் இறங்கினாலும் பாட்டில் தொழிற்சாலைக்காரர்கள்தான் தோற்கிறார்கள் என்றால் ஜெயிக்கிற ஒருவன் எங்கோ இருக்க வேண்டும் அல்லவா? நேராக அந்த அதிகாரியிடமே போனாள்.

"உண்மையச் சொல்லுங்க. எது ஏறும், எது இறங்கும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியும்தானே?"

"தெரிஞ்சிருந்தா நான் எதுக்கும்மா இந்த நாற்காலியத் தேச்சுக்கிட்டிருக்கேன்? என் பணமும் இதே ஃபண்டுலதான் இருக்கு. எனக்கு ரிட்டயராக இன்னும் நாலு வருஷம்."

"உங்க பணம் எப்படி இருக்கு?"

"போன வருஷமே பாதுகாப்பான பக்கமா மாத்திட்டேன். அதிகம் வளராது, அதிகம் விழாது. ரிட்டயராக அஞ்சு வருஷம் இருக்கும்போதே மாத்திக்கணும்மா. உங்க ஃபேக்டரி கேன்டீன்ல வந்து கூட்டம் போட்டுச் சொன்னோமே."

டார்ச்சுக்கு நினைவு வந்தது. கூட்டத்துக்கு வந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு ஃபிளாஸ்க் இனாம் கொடுத்தார்கள். இனாம் கொடுக்கிறவனுக்கு நம்மிடம் என்னவோ வேண்டியிருக்கிறது என்று வாசலோடு திரும்பியவள் அவள். நாத்தனாரையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்திருந்தாள்.

இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. பல் செட்டுக்காக ஒரு நீச்சல்குளத்தில் காலை நேர டிக்கெட் வேலைக்குச் சேர்ந்தாள். விலைவாசி ஏற ஏற நாத்தனாரின் கூடுதல் தொகையும் தேய்ந்தது. மாதக் கடைசியில் இருவரும் ஒரே பாக்கெட் பாலைப் பங்கு போட்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் வீட்டுக்குப் போனபோது, மகள் குழந்தைக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் அலுவலகத்தில் இதே மாதிரி நிதி பிடித்தார்கள்.

"உன் ஃபண்டு எதுல போட்டிருக்காங்கன்னு கேட்டியா?"

"இல்லியே. ஏன்?"

"கேளு. இப்ப வயசிருக்கு, ஏறி இறங்கட்டும். ஆனா ரிட்டயராகறதுக்கு அஞ்சு வருஷம் முன்னாடி பத்திரமான பக்கமா மாத்திடணும். கூட்டம் போட்டா போய் உக்காரு. ஃபிளாஸ்க் குடுத்தாலும் உக்காரு."

மகள் துவட்டுவதை நிறுத்தினாள். அம்மாவை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏம்மா, நீ யாரையும் நம்ப மாட்டியே. இதுல உனக்கு ஏதாவது கமிஷனா?"

டார்ச்சுக்குச் சுருக்கென்றது. கூடவே சிரிப்பும் வந்தது.

"ஒண்ணுமில்ல. என்னை நம்ப வேணாம். நீயே போய்க் கேட்டுக்க."

"கேக்கத்தான் போறேன்," என்றாள் மகள். திங்கட்கிழமை உணவு இடைவேளையில் போய்க் கேட்கவும் செய்தாள்.