வீதிக்கு அந்தப் பக்கம் போகாத பியர்

பியர் காய்ச்சும் வேலையில் முக்கால்வாசி கழுவுவதுதான். அகதியாய் வந்து, கிடைத்த வேலையைப் பிடித்துக்கொண்ட உங்களுக்கு இது புதினமில்லை. எதையாவது கழுவித்தானே எல்லாரும் தொடங்கினோம்! தொண்ணூறுகளில் ஹனோவருக்கு வெளியே ஒரு பண்ணையில் எனக்கு வாய்த்தது, நெடுங்காலம் பூட்டிக்கிடந்த பியர்க் கொட்டில்.

கிடாரம்

பண்ணைக்காரர் வில்ஹெல்முக்கு அறுபது வயதிருக்கும். தகப்பனோடு நின்றுபோன பியர் காய்ச்சலையும் சாராய வடிப்பையும் திரும்பத் தொடக்கியே தீருவேன் என்று நின்றார். வீதிக்கு அந்தப் பக்கம்தான் அவருடைய அண்ணன் கார்லின் வீடு. பண்ணை தம்பிக்குப் போன நாளிலிருந்து இரண்டு பேருக்கும் கதைபேச்சில்லை.

வைக்கோலுக்குள் கிடந்த செப்புக் கிடாரத்தை நாங்கள் இழுத்தெடுத்து, வினாகிரியும் உப்பும் போட்டுத் தேய்த்தோம். பச்சை போய்ச் செம்பு தெரிந்ததும் வில்ஹெல்ம் தேய்ப்பதை நிறுத்திவிட்டார். "சின்னனிலை நானும் அண்ணனும் இதுக்குள்ளை ஒளிச்சு விளையாடுவம்."

பால்

'சாராயம் வடிக்கிறார்' என்று எப்படிச் சொல்வது? எங்கள் ஆட்களிடம் என் மனிசி, "அவர் பாற்பண்ணையிலை" என்று சொல்லி வைத்திருந்தாள். ஒரு பிறந்தநாள் விழாவில் பக்கத்துக் கதிரை அக்கா என்னை அன்போடு பிடித்துக்கொண்டார். "தம்பி, அடுத்தமுறை வரேக்கை கொஞ்சம் தயிர் கொண்டு வாங்கோ."

புளிப்பு

முதல் பியரை நல்ல கோடையில் காய்ச்சினோம். புளித்துப்போய்விட்டது. பின்பக்கம் கொண்டுபோய் ஊற்றிக்கொண்டிருந்தபோது கார்ல் வேலிக்கு வெளியே வந்து நின்றார். "அப்பா வெயில் காலத்திலை காய்ச்சமாட்டார் எண்டு அவனிட்டைச் சொல்லு" என்றுவிட்டுப் போய்விட்டார்.

சொன்னேன். வில்ஹெல்ம் இலையுதிர்காலம் வரை அடுப்பு மூட்டவில்லை. ஆனாலும் முகம் தொங்கிப்போயிருந்தது. "அதை என்னட்டை வந்து சொன்னால் என்னவாம்?"

ஒரு கூசா

குளிர் தொடங்கியபின் காய்ச்சிய பியர் நன்றாக வந்தது. ஊரே வந்து குடித்தது, கார்ல் வரவில்லை. மனம் கேளாமல் நானே ஒரு கூசாவில் அவரிடம் கொண்டுபோனேன். மூக்கருகே பிடித்துக் கண்ணை மூடினார். ஒரு வாய் குடித்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். கூசாவைத் திருப்பித் தந்தார். "நல்ல மணம். அவன் கொண்டு வரட்டும், குடிக்கிறன்."

பேரிக்காய்

அதையும் வில்ஹெல்மிடம் சொன்னேன். "பேரிக்காய்ச் சாராயம் பதமாகட்டும், அதோடை போறன்" என்றார். அது பதமாகு முன்னமே, பனி கரையும் காலத்தில், கார்ல் நித்திரையிலேயே போய்விட்டார்.

செத்தவீடு முடிந்து வந்து வில்ஹெல்ம் அந்தப் பேரிக்காய்ச் சாராயத்திலேயே ஒரு போத்தலைத் திறந்து இரண்டு கிளாசில் ஊற்றினார். நான் குடித்தேன். அவர் தன்னுடையதைத் தொடாமல் யன்னலால் அந்த வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "வீட்டுச் செருப்பை மாத்தாமலே போய் வந்திருக்கலாம்."

பிறகு சனி ஞாயிறுகளில் பட்டணத்திலிருந்து ஆட்கள் கார் காராய் வந்து குடித்து, 'அந்தக் காலத்து ருசி' என்று மெச்சினார்கள். அந்த ருசி தெரிந்த கார்ல் மட்டும் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை.