மலையில் கொதித்த தண்ணீர்

போன மாதம் சின்னமனூர் பஸ் ஸ்டாண்டில் முத்தையாவைப் பார்த்தேன். மேகமலை ஜீப்பிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். கூடவே மனைவி ராக்கம்மா, இரண்டு பெண் பிள்ளைகள், ஒரு டிரங்குப் பெட்டி, அண்டா, ஆட்டுக்கல்.

ஆட்டுக்கல்லோடு ஒரு குடும்பம் மலையிறங்கினால் அது கல்யாண வீட்டுக்கு அல்ல என்று தெரியாதா?

முத்தையாவுக்கு ஏலக்காய் எஸ்டேட்டில் வேலை. காய் உலர்த்தும் ஸ்டோர் அவர் பொறுப்பு. மோட்டார் ரிப்பேருக்கு நான் தேனியிலிருந்து மேலே போகும்போதெல்லாம் பால் விடாத கட்டஞ்சாயா போட்டுத் தருகிறவர்.

"என்னப்பா, குடித்தனத்தோட?"

"வெளிய அனுப்பிட்டாகண்ணே. மூட்டையில காய் பூராம் பூசணம். நாந்தேன் தூங்கி அடுப்ப அணைய விட்டுட்டேனாம். எஸ்டேட்டுல குடுத்த லைன் வீட்டையும் காலி பண்ணச் சொல்லிட்டாக."

"தூங்கிட்டியா?"

"புள்ளைக சத்தியமா இல்லண்ணே. மீட்டரு சொன்னபடிதேன் காயப் போட்டேன்."

மீட்டர்... அதைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இந்த சீசனுக்கென்று எஸ்டேட்டில் புதிதாக ஒரு டெம்பரேச்சர் கண்ட்ரோலர் வாங்கினார்கள். அறைச் சூட்டை அதில் செட் பண்ணிவிட்டால் போதும். அடுப்புச் சூட்டை அறைக்குள் தள்ளுகிற ஃபேன் தானாக ஓடும், தானாக நிற்கும். முத்தையா அதற்குச் சந்தனப் பொட்டெல்லாம் வைத்திருந்தார். அவருக்கு அவ்வளவு பெருமை.

மாட்ட வந்த வெளியூர் இன்ஜினியர் கொண்டுவந்த சென்சார் எப்படிப்பட்டது தெரியுமா? இரும்பு உருக்குகிற உலைக்கு வைப்பது. ஏலக்காய்க்கு ஐம்பது டிகிரி தாண்டாத இளஞ்சூடு போதும். விறகுக்கடைத் தராசில் தங்கம் நிறுத்த மாதிரிதான். அதையும் சரிபார்க்காமல் விட முடியாது. ஐஸில் வைத்தால் பூஜ்யம், கொதிக்கிற தண்ணீரில் வைத்தால் நூறு... இரண்டிலும் பார்த்திருக்க வேண்டும். ஐஸ் அந்த ரோட்டில் பாதி வழி வருவதற்குள் தண்ணீராகிவிடும். அதனால் ஒரு சட்டியில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, சென்சாரை முக்கி, முள் நூறில் நிற்கும்படி திருகிவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

இதெல்லாம் முத்தையா சொல்லி எனக்கு முன்பே தெரியும். ஆனாலும் உறைக்கவில்லை. உறைக்க வைத்தது ராக்கம்மா. எதிர்க் கடையில் துவரம்பருப்பு வாங்கிக்கொண்டு வந்தவர், அழுத கண்ணோடு மகளிடம் சொன்னார்:

"இங்கனயாச்சும் பருப்பு சீக்கிரம் வேகும்டீ. மேல வெறகுதேன் தீரும், பருப்பு வேகாது."

எனக்குப் பொட்டில் அறைந்தது போலிருந்தது. மலை மேல் பருப்பு ஏன் வேகாது? அங்கே தண்ணீர் நூறுக்கு முன்னாலேயே கொதித்துவிடுகிறது! மேகமலை உயரத்துக்குத் தொண்ணூற்றைந்துதான் இருக்கும். அதைத்தான் நூறு என்று அந்த மீட்டருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார் மனிதர். அப்புறம் அது காட்டுகிற சூடெல்லாம் ஐந்து டிகிரி கூட்டிச் சொல்கிற பொய். காய் அரைகுறையாகக் காய்ந்து, ஈரத்தோடு மூட்டைக்குப் போயிருக்கிறது.

மறுநாளே நல்ல தெர்மாமீட்டர் ஒன்றை எடுத்துக்கொண்டு மேலே போனேன். மேனேஜர் முன்னாலேயே தண்ணீரைக் கொதிக்க வைத்து இரண்டையும் முக்கினேன். என்னுடையது தொண்ணூற்றைந்து. அவர்களுடையது நூறு.

மேனேஜர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "சரி, அதத் திருத்திக் குடுத்துட்டுப் போங்க" என்றார்.

"முத்தையாவ?"

"அங்கன வேற ஆள் போட்டாச்சு. லைன் வீட்லயும் குடி வந்துட்டாக. இனிமே கிளறி என்ன செய்ய?"

இன்ஜினியரைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. தப்பு பண்ணியது படித்தவர் என்றால் அது அட்ஜஸ்ட்மெண்ட்... அடுப்படியில் நிற்பவன் என்றால் தூக்கம்! எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த மீட்டரைப் பிடுங்கி எறிந்திருப்பேன். எறியவில்லை. திருகாணியைத் திருகிச் சரிபண்ணிவிட்டுத்தான் வந்தேன்.

முத்தையா இப்போது ஓடைப்பட்டியில் திராட்சைத் தோட்டத்துக்கு மருந்தடிக்கப் போகிறார். தேடிப் போய்ச் சொன்னேன். கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்:

"நாந் தூங்கலன்னு லைன்ல இருக்கவககிட்ட யாராச்சும் சொன்னாகளாண்ணே?"

சொல்லவில்லை. இன்றைக்கு வரை மலையில் அவர் தூங்கி வேலை போனவர்தான்.

ஏலக்காய் மட்டும் இப்போது ஜோராகக் காய்கிறதாம்.