வாசல் தூணை எடுத்த நாள்

கிருஷ்ணகிரி கடைவீதியில் கிருஷ்ணப்பனின் மாடி வைத்த கடையில் புடவையிலிருந்து சைக்கிள் விளக்கு வரை எல்லாம் கிடைக்கும். அவருடைய தாத்தா கட்டிய கடை. தேவமணி அங்கே துணிப்பிரிவில் பதினெட்டு வருஷமாக வேலை செய்தாள். கல்யாணம் ஆகாதவள். அப்பா இறந்த வாரமே கூப்பிட்டு வேலை கொடுத்தவர் என்று முதலாளியிடம் அவளுக்குத் தனி மரியாதை.

1968 ஆடி மாதம் கடையைப் புதுப்பிக்கத் தொடங்கினார்கள். பெங்களூரில் பார்த்ததுபோல முகப்பு முழுவதும் கண்ணாடி வேண்டும் என்றார் கிருஷ்ணப்பன். அதற்கு, மேல்சுவரைத் தாங்கிக்கொண்டு வாசலில் நின்ற கல்தூணை எடுக்க வேண்டும். வியாபாரம் மட்டும் பின்வாசல் வழியாக நடந்தது.

ஒரு புதன்கிழமை காலை மேஸ்திரி அப்துல் சலாம் துணி மேசைக்குப் பக்கத்தில் இருந்த கிருஷ்ணப்பனிடம் வந்து நின்றார்.

“இரும்பு உத்தரத்த இப்பத்தான் ஏத்தியிருக்கோமுங்க மொதலாளி. காரை இறுகட்டும். நாலு நாளு முட்டு குடுத்து வெச்சுட்டு அப்பறம் தூண எடுக்கலாங்க.”

“கண்ணாடிக்காரன் நாளைக்கு வர்றான். இன்னிக்கே எடு. இல்லேன்னா வேற ஆளப் பாத்துக்கறேன்.”

புடவை மடித்துக்கொண்டிருந்த தேவமணி அவ்வளவையும் கேட்டாள்.

மத்தியானம் தூணை எடுத்ததும் மேல்சுவர் சரிந்தது. கல்லாவி கிராமத்திலிருந்து வேலைக்கு வந்திருந்த சித்தாள் சென்னம்மாவின் வலது கால் கல்லுக்கடியில் நசுங்கிப்போயிற்று.

போலீஸ் வருவதற்குள் கிருஷ்ணப்பன் தேவமணியிடம் வந்தார். “மேஸ்திரி என்னைக் கேக்காம எடுத்துட்டான்னு சொல்லும்மா. நீ சொன்னா நம்புவாங்க.”

அவள் சொன்னாள். கையெழுத்தும் போட்டாள். சலாமை அழைத்துக்கொண்டு போனார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் நற்கருணை வாங்க எழுந்தவள் பாதியிலேயே திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டாள். அங்கிருந்து ஆஸ்பத்திரிக்குப் போனாள். சென்னம்மாவின் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்திருந்தார்கள்.

“மேஸ்திரி எங்கக்கா?” என்றாள் சென்னம்மா. “அவருதான் என்னப் புடிச்சு இழுத்தாரு. இல்லாட்டி முழுசா மேல விழுந்திருக்கும். ஒருக்காகூட வந்து பாக்கலியே.”

தேவமணியால் அங்கே உட்கார முடியவில்லை. நேராகக் காவல் நிலையத்துக்குப் போய், முன்பு சொன்னது பொய் என்றாள். “நீங்களே மாட்டிக்குவீங்கம்மா” என்று ஏட்டு எச்சரித்தார். “எழுதிக்குங்க” என்றாள்.

மறுநாள் கிருஷ்ணப்பன் கத்தினார். “உங்கப்பன் செத்தப்ப யாரு வேலை குடுத்தது?”

“நீங்கதாங்க. அதுக்காவத்தான் அன்னிக்குப் பொய் சொன்னேன்.”

வேலை போயிற்று. சலாமை விட்டுவிட்டார்கள். முதலாளி மேல் போட்ட வழக்கு இழுத்துக்கொண்டே கிடந்தது. தீபாவளிக்குக் கண்ணாடி முகப்பைப் பார்க்க ஊரே கூடியது.

தேவமணி மன்னிப்புக் கேட்கச் சலாமின் வீட்டுக்குப் போனாள். அவர் மனைவி பேகம் டீ கொண்டுவந்து வைத்தாள். சலாம் அவளுக்கு எதிரில் உட்கார்ந்தார்.

“நெசத்தச் சொன்னதும் நீங்கதாம்மா. மொதல்ல சொன்னதும் நீங்கதான். எனக்கு ரெண்டுமே மறக்காது.”

அடுத்த வருஷம் ஓசூரில் கன்னியாஸ்திரிகள் நடத்திய தையல் கூடத்தில் அவளுக்கு வேலை கிடைத்தது. அங்கே தலைவியாக இருந்த மதர் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, சென்னம்மாவுக்கும் கையால் சுற்றும் தையல் மிஷின் ஒன்று வாங்கித் தந்தாள். தான் செய்தது அத்தனையும் சென்னம்மாவிடம் சொல்லியும் விட்டாள். சென்னம்மா வேலைக்கு வந்தாள். ஆனால் அதற்குப் பிறகு தேவமணியை அக்கா என்று கூப்பிடவில்லை.