படத்துக்குப் படம் பதில்

படம் பிடிக்க ஆட்கள் வரும் நாளில், மேல்வீட்டுக்காரர் கூடத்திலிருக்கும் நல்ல நாற்காலியைத் தள்ளிவிட்டு, கால் ஆடும் ஸ்டூலை இழுத்துப் போடுகிறார். கறுப்புச் சட்டை காலையிலேயே ஏறிவிட்டது. "நாற்காலில உக்காந்தா ரிட்டயர் ஆனவன் மாதிரி இருக்கும்" என்பது அவர் கட்சி. அறுபதைத் தாண்டிய ராக் கிட்டார்காரர். நான் கீழ்வீட்டில் குடியிருப்பவன். அவருடைய சங்கீதமெல்லாம் என் தலைக்கு மேல்தான் நடக்கிறது. படப்பிடிப்பின்போது கீழே மிக்ஸி ஓடிவிடக் கூடாதென்று என்னையும் மேலேயே உட்கார வைத்துவிடுவார்.

ஒரு காலத்தில் அவரும் ஒரு பாடகரும் சேர்ந்து நடத்திய குழுவுக்குக் கூட்டம் அலைமோதியதாம். அந்தக் காலத்து இசையைப் பற்றி இன்று யார் ஆவணப்படம் எடுத்தாலும் இவரைக் கூப்பிடாமல் விடுவதில்லை. பழைய ஒலிப்பதிவுக்கூடம் பற்றிய படம், டிரம்ஸ் வாசித்தவர் பற்றிய படம், ஆம்ப்ளிஃபயர் பற்றிகூட ஒரு படம். கேள்வி எதுவானாலும் இவர் சுற்றி வளைத்துக் கடைசிக் கச்சேரிக்கு வந்து சேர்ந்துவிடுவார்.

"நான் வாசிச்சு முடிக்கவே இல்ல. அதுக்குள்ள அவன் பாட ஆரம்பிச்சுட்டான்!"

அன்று மேடையை விட்டு இறங்கியதோடு இருவருக்கும் பேச்சுவார்த்தை நின்றது. குழுவும் கலைந்தது.

நின்றது என்று சொல்வது முழு உண்மையல்ல. ஆவணப்படங்களில் பேசிக்கொள்கிறார்கள். டிரம்ஸ்காரர் படத்தில் பாடகர் சொன்னார்: "அவன் முடிக்கட்டும்னு காத்திருந்தா எனக்கு மேடையிலேயே நரைச்சிருக்கும்." பதில் ஆம்ப்ளிஃபயர் படத்தில் வந்தது: "நரைக்கிறதுக்கு அவன் தலையில முடி எங்க இருந்துச்சு?" ஒரு படம் வெளிவர வருஷக்கணக்காகும். அதனால் சண்டைக்கு அவசரமே கிடையாது.

"ஒரு போன் போட்டா முடிஞ்சிரும். இதுக்கு எதுக்குங்க லைட்டும் கேமராவும்?" என்று டீயை நீட்டியபடியே இடித்துக்காட்டுவார் அவர் மனைவி.

இருவரையும் ஒருமுறையாவது சேர்த்து மேடையேற்றப் பலர் நடையாய் நடந்தார்கள். பாடகர் தரப்பில் கேட்டது ஒன்றே ஒன்று, கிட்டாரின் சுருதியைச் சற்று இறக்க வேண்டும். இவர் மசியவில்லை. "வேணும்னே வம்புக்குக் கேக்குறான். அது பாட்டு பொறந்த சுருதி. எவனுக்காகவும் இறக்க மாட்டேன்." அதை நினைத்தால் எனக்கே எரிச்சலாக வரும். ஆசை இல்லாதவரா தினமும் அந்த ஒரே பாட்டை என் தலைமேல் வாசிக்கிறார்?

போன வாரம் வந்த இயக்குநர் ஒரு சின்னப் பெண். கேமராவை வைத்ததும் முதல் கேள்வி வழக்கம்போல இவருடையதுதான்.

"அவன் என்ன சொன்னான்?"

இயக்குநர் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினார். அதில் பாடகர் மெலிந்துபோயிருந்தார். பேச்சில் கிண்டல் இல்லை.

"என் குரல் இப்ப அவ்வளவு மேல போகல. அதை அவன்கிட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சு. அவன் வாசிச்சு நான் இன்னொரு தடவை பாடணும், அவ்வளவுதான்."

மனைவி டீத் தட்டோடு கதவருகிலேயே நின்றுவிட்டார்.

"கேமரா ஓடுது சார். பதில் சொல்லுங்க" என்றார் இயக்குநர்.

ஓயாமல் பேசுகிற மனுஷன் கிட்டாரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அதன் தலைப்பக்கத்துத் திருகுகளைத் திருகி, ஒவ்வொரு கம்பியாகச் சுருதியை இறக்கினார். பாடகர் பாட வேண்டிய வரியைத் தன் கரகரத்த குரலில் முனகிப் பார்த்தார். பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்று, இன்னும் கொஞ்சம் இறக்கினார்.