ஊதா நிறம் வந்ததும் எடுத்த கத்திகள்

ஷெஃபீல்டில் நான் வேலை பார்த்த பட்டறையில் உலைகள் பெரில் ஸ்டானிஃபோர்த்தின் பொறுப்பு. ஐம்பத்தொரு வயது. இங்கே வருவதற்கு முன் இருபது வருடம், துருப்பிடிக்கிற சாதாரண எஃகுக் கத்திகளைப் பதப்படுத்தும் இடத்தில் இருந்தவர். அந்த வாரம் வியாழக்கிழமை சாயங்காலம் மேற்பார்வையாளர் யார் என்று முதலாளி கிளைவ் சொல்வதாக இருந்தது. அந்த நாற்காலியில் அதுவரை பெண் யாரும் உட்கார்ந்ததில்லை. பெரிலுக்குத்தான் என்று எல்லோரும் பேசிக்கொண்டோம்.

செவ்வாய்க்கிழமை கிரிம்ஸ்பி மீன்பிடித் துறைமுகத்துக்கான இருநூற்று நாற்பது கத்திகள். எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். ஆயிரம் டிகிரிக்கு மேல் காய்ச்சிச் சட்டென்று ஆறவைத்தாயிற்று. அந்த நிலையில் எஃகு கண்ணாடி மாதிரி. கடினம் உண்டு, தாங்கும் சக்தி இல்லை. இரண்டாவது உலையில் இளஞ்சூடு காட்டினால்தான் உள்ளே இருக்கிற இறுக்கம் தளரும். தாமதித்தால் தானாகவே விரிசல் விடும். அப்போது பார்த்து இரண்டாவது உலையின் வெப்பமானி செத்துப்போனது. பழுதுபார்ப்பவர் மறுநாள்தான் வருவார்.

பெரில் உலைக் கதவைத் திறந்து, சூட்டைக் கணிக்கக் கத்திகளின் நிறம் பார்த்தார்.

"கண்ணுலயே தெர்மாமீட்டர் வெச்சிருக்கீங்க போல," என்றான் பக்கத்து உலை பாரி.

"உன் கண்ணுக்கு டீ கப்பு மட்டும்தான் தெரியும். போடா."

கத்திகளில் ஊதா ஏறியதும் எடுத்துவிட்டார். உலைப் பதிவுத் தாளில் 280 டிகிரி என்று எழுதினார். பொய் எழுதும் எண்ணமில்லை. ஊதா என்றால் இருபது வருடமாக அவருக்கு அதுதான்.

கத்திகளின் கடினத்தை இயந்திரத்தில் சோதிப்பது என் வேலை. சோதித்தேன். எண் சரியாக வந்தது. சான்றிதழில் கையெழுத்துப் போட்டேன். எந்தக் கையெழுத்தையும் வேலை போய்விடுமோ, விசா போய்விடுமோ என்ற நடுக்கத்தோடு போடுகிறவள் நான். பெரிலின் கை பட்ட கத்திகள் என்பதால் அன்று மட்டும் நடுக்கமில்லை.

வியாழன் காலை பெரில் ஒரு துணிப்பொதியோடு என் அறைக்கு வந்தார். உள்ளே, அந்தக் கத்திகளில் சோதனைக்கென்று எடுத்துவைத்த ஒன்று. அலகு முழுக்க ஆரஞ்சுப் புள்ளிகள்.

"ராத்திரி வீட்டுல மீன் நறுக்கிட்டு தொட்டியில விட்டுட்டேன் கண்ணு. அவ்வளவுதான். மீன் நறுக்கத்தானே இந்தக் கத்தியே?"

நான் புள்ளிகளைத் தடவிப் பார்த்தேன். "ஸ்டெயின்லெஸ்ல நிறம் லேசுல ஏறாது பெரில். ஊதா வந்திருக்குன்னா நானூத்தம்பதைத் தாண்டியிருக்கும். அந்தச் சூட்டுல குரோமியம் கார்பனோட சேர்ந்து ஒதுங்கிடும். துருவைத் தடுக்க ஆளில்ல."

"நம்பர் சரியா இருந்துச்சே?"

"கடினம் குறையாது. ஆனா முறியும்."

அவர் கத்தியை இடுக்கியில் மாட்டி வளைத்தார். படக்கென்று முறிந்தது. வெளியே வேனில் அந்தக் கத்திப் பெட்டிகள் ஏறிக்கொண்டிருந்தன.

"சும்மா இருங்க பெரில்," என்றான் வாசலில் வந்து நின்ற பாரி. "பேப்பர் பாஸாயிடுச்சு. சாயங்காலம் பதவி கைக்கு வந்ததும் சொல்லுங்களேன்."

"சாயங்காலம் கத்தி கிரிம்ஸ்பில இருக்கும்டா. முறிஞ்சு எவன் கையிலயாவது ஏறட்டும்ங்கிறியா?"

நாங்கள் கொண்டுபோய்க் காட்டிய முறிந்த துண்டுகளைக் கிளைவ் புரட்டிப் பார்த்தார். "280ன்னு எழுதினது யாரு?"

"நான்தான். மானி செத்திருந்துச்சு. நிறம் பார்த்து எழுதினேன். இவ மேல தப்பில்ல, மெஷின் காட்டினதை எழுதினா."

வேன் காலியானது. முதலில் கத்திகளைச் சூடாக்கி மெதுவாக ஆறவிட்டு இளக்கினார்கள். பிறகு ஆயிரத்துக்கு மேல் ஏற்றியதில் ஒதுங்கிப்போன குரோமியம் மறுபடி எஃகில் கரைந்தது. சட்டென்று ஆறவைத்து, புது மானி வைத்து 250இல் இளஞ்சூடு. பதினோரு கத்திகள் கோணிப்போயின. மற்றவற்றில் நான் எடுத்துச் சோதித்தவையெல்லாம் வளைந்து, பழையபடி நிமிர்ந்தன. எல்லாம் முடிய மறுவாரம் ஆனது.

பதவியை வியாழன் சாயங்காலமே கிளைவ் பாரிக்குக் கொடுத்துவிட்டார். அவனால் பெரிலை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"மூஞ்சியைத் தொங்கப் போடாதே," என்றார் பெரில். "நாளைக்கு எல்லாருக்கும் கிரீம் கேக் வாங்கிட்டு வா. எனக்கு ரெண்டு."

பிறகு கழிப்பறைக்குப் போனார். திரும்பிவரப் பத்து நிமிடம் ஆயிற்று. முகம் கழுவியிருந்தார். கையுறையை மாட்டிக்கொண்டு அடுத்த தட்டை உலைக்குள் தள்ளினார்.