ஜெர்மன் காப்டன் சேவியருக்குச் சொன்ன கதை

1. முதலில் ஏறியவன்

வாட்டர் கிளார்க் என்றால் குழாயடியில் கணக்கு எழுதுகிறவன் இல்லை. கப்பல்களுக்கு உருளைக்கிழங்கு முதல் வடக்கயிறு வரை சப்ளை செய்யும் கம்பெனியின் ஆள். கப்பல் உள்ளே வந்ததும் படகில் போய், கயிற்றேணியில் ஏறி, எதிர்க் கம்பெனிக்காரன் வருவதற்குள் காப்டனிடம் ஆர்டர் வாங்க வேண்டும். எழுபதுகளில் மட்டாஞ்சேரித் துறைமுகத்தில் என்னைவிட வேகமாக ஏணி ஏறுகிறவன் கிடையாது. இதை நானே சொல்லிக்கொள்கிறேன், வேறு யாரும் சொல்ல மாட்டார்கள்.

மிளகும் கயிறும் ஏற்ற ஒரு ஜெர்மன் கப்பல் அடிக்கடி வரும். முதல் தடவை நான்தான் முதலில் ஏறினேன். காப்டன் அறுபதை நெருங்கியவர். நான் கொண்டுபோன சாம்பிள் ரொட்டியை மோந்து பார்த்தார், நன்றி சொன்னார், அவ்வளவுதான். எனக்குப் பின்னால் மூச்சிரைக்க வந்தான் தோப்பும்படி சேவியர், எதிர்க் கம்பெனியின் வாட்டர் கிளார்க். நான் இறங்கி ஒரு மணி நேரம் கழித்துத்தான் அவன் இறங்கினான். ஆர்டர் அவனுக்கு.

எங்கள் முதலாளி தூத்துக்குடிக்காரர். "முதல்ல ஏறுனது நீரு, வாங்குனது அவனா? மேல என்னவே வேடிக்கை பாத்துக்கிட்டு நின்னீரு? அடுத்த வாட்டியும் இப்படின்னா குடோனுக்குப் போயிரும். மூட்டையை எண்ணும்."

குடோன் என்றால் மிளகுத் தூசியும் எலியும். வழியெல்லாம் சேவியரைத் திட்டிக்கொண்டே வீட்டுக்குப் போனேன்.

2. சாயாக்கடையில்

அடுத்த தடவையும் ஆர்டர் சேவியருக்கே போனது. அது போதாதென்று காப்டன் அவனுக்குக் காப்பி கொடுத்து உட்காரவைத்தார். கப்பல் வந்துபோகும் ஒவ்வொரு முறையும் படகுத்துறைச் சாயாக்கடையில் அவன் ஒரு அத்தியாயம் சொல்வான்.

"சேட்டா, அறியுமோ? காப்டன் யுத்தத்துல சப்மரைன் ஓட்டின ஆளாக்கும்."

இளம் வயதிலேயே கடற்படை, அப்புறம் நீர்மூழ்கிப் பயிற்சி, இருபத்தைந்து வயதில் ஒரு நீர்மூழ்கிப் படகுக்கே தலைவர். படுக்கைக்கு மேலும் குழாய்களுக்கு நடுவிலும் ரொட்டி தொங்குமாம். பூஞ்சணத்தைச் சுரண்டிவிட்டு உள்ளே இருப்பதைத் தின்பார்களாம். என் ரொட்டியை ஏன் மோந்தார் என்று அப்போதுதான் புரிந்தது. பல கப்பல்களை மூழ்கடித்தார். கடைசியில் எதிரிக் கப்பல் மேலிருந்து போட்ட வெடியில் படகு உடைந்து, மேலே வந்து சரணடைந்தார். பிறகு கைதி முகாம், ஊர் திரும்பி மீன்பிடிக் கப்பல், அப்புறம் இந்தச் சரக்குக் கப்பல்.

நான் ஆர்டர் போனதற்குக்கூட அவ்வளவு புழுங்கவில்லை. இவ்வளவு பெரிய வாழ்க்கையை அந்த மனிதர் இவனிடம் பிரித்து வைத்திருக்கிறார், என்னிடம் ஒரு நன்றியோடு நிறுத்திக்கொண்டார். எனக்கு இவனைவிட நல்ல இங்கிலீஷ் வரும்.

3. மரத்தில் ஒரு நீர்மூழ்கி

மட்டாஞ்சேரியில் வெள்ளைக்காரர்களுக்கு யானை செதுக்கி விற்கும் ஆசாரி ஒருவர் இருந்தார். அவரைப் பிடித்துத் தேக்கில் ஒரு நீர்மூழ்கி செய்யச் சொன்னேன். "மீன் மாதிரியோ, சுருட்டு மாதிரியோ?" என்று கேட்டார். சுருட்டு என்றேன்.

அடுத்த தடவை கப்பல் வந்ததும் ஏறினேன். சலூன் என்கிற சாப்பாட்டு அறையில் ஆபீசர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லோர் முன்னாலும் அதை மேசையில் வைத்து, "உங்கள் வீர நாட்களின் நினைவாக" என்றேன். ராத்திரி முழுக்க உருப்போட்ட வாக்கியம். காப்டன் அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"நல்ல வேலை. ஆனால் இந்த மாதிரி எதையும் நான் வீட்டில்கூட வைப்பதில்லை. எடுத்துக்கொண்டு போங்கள்" என்றார். வாசல் வரை கூடவே வந்து தணிந்த குரலில், "நீங்கள் கிழங்கு விற்க வந்தீர்கள், அதில் தப்பில்லை. சேவியர் முதல் நாள் பட்டியலையே திறக்கவில்லை. என்னிடம் ஒன்று கேட்கத்தான் வந்தான்" என்றார்.

கீழே படகில் சேவியர் இருந்தான். "அப்படி என்னடா கேட்டே அவர்கிட்ட?" என்று கத்தினேன்.

அவன் என் கையிலிருந்த மரத்துண்டைப் பார்த்தான். "என் அப்பன் இங்கிலீஷ் கப்பல்ல என்ஜின் ரூம்ல கரி வாரிப் போட்டிருந்த ஆளு. யுத்தத்துல சப்மரைன் அடிச்சு முங்கிப் போச்சு. இவர் அடிச்சதல்ல, அது வேற கடல். அப்பன் ரொம்ப நேரம் கஷ்டப்பட்டாரான்னு அம்மைக்கு அறியணும், சேட்டா. நான் குட்டியா இருக்கும்போதே தொடங்கி அதையே கேட்டுட்டிருப்பா. வயசான ஜெர்மன் காப்டன், யுத்தத்துல கடல்ல இருந்திருப்பார்னு தோணிச்சு. வேற யார்கிட்ட போய்க் கேக்க?"

"என்ன சொன்னார்?"

"என்ஜின் ரூம்ல இருந்தவங்க ஒண்ணும் அறிஞ்சிருக்க மாட்டாங்கன்னு சொன்னார். பின்னே அவரால நிறுத்த முடியல. எல்லாம் சொன்னார். நான் கேட்டுட்டிருந்தேன்."

"உன்னைச் சமாதானப்படுத்தச் சொன்ன பொய்யா இருக்கும்."

"இருக்கலாம். பட்சே கப்பலை முக்கின ஆளு சொன்னதுன்னா அம்மை விசுவசிப்பா. விசுவசிக்கவும் செஞ்சா."

4. பாடம்

முதலாளி இத்தனை நாள் தள்ளிப்போட்டதைச் செய்தார்; நான் குடோனுக்குப் போனேன். ஒரு மழைக்காலம் மூட்டை எண்ணிவிட்டு, அவருக்கு வேறு ஆள் கிடைக்காததால் திரும்பப் படகுக்கு வந்தேன். எண்பதுகளின் கடைசி வரை ஏணி ஏறினேன். இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன்: எதிர்க் கம்பெனிக்காரனுக்கு ஆர்டர் போனால், அவன் என்ன விலை சொன்னான் என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள், எதற்காக ஏறினான் என்றும் கேளுங்கள்.

அந்த மர நீர்மூழ்கி இப்போதும் என் அலமாரியில் இருக்கிறது. ஆர்டர் போன வருத்தம் அடுத்து ஒரு கிரேக்கக் கப்பலின் ஆர்டர் கிடைத்ததுமே தீர்ந்துவிட்டது. ஆனால் அப்பனைக் கொன்ற கூட்டத்து ஆளின் எதிரே உட்கார்ந்து, அவர் பேசி முடிக்கும்வரை காப்பி ஆறக் காத்திருந்தானே சேவியர், அந்த மனசு எனக்கு வராது. அந்தப் பொறாமை மட்டும் இன்னும் தீரவில்லை.